தோற்றவர் கைக்குப் போன விருது

கேள்வி, 13 அக்டோபர் 2024, காலை

அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடரில் (இரண்டு அணி மோதும் இறுதி, முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை) தோற்ற அணிக்காரர் ஒருவருக்குத் தொடர் நாயகன் விருது கொடுத்திருக்கிறார்கள் என்று என் மச்சான் சாதிக்கிறார். வாய்ப்பே இல்லை என்று பிரியாணிப் பந்தயம் கட்டியிருக்கிறேன். யாருக்காவது தெரியுமா?

13 அக்டோபர், காலை 11 மணி

பிரியாணி போச்சு. பாபி ரிச்சர்ட்சன், நியூயார்க் யாங்கீஸ், 1960. அந்த விருதை 1955-லிருந்து கொடுக்கிறார்கள். தோற்ற அணிக்குப் போனது அந்த ஒரு தடவைதான். பரிசாக ஒரு கார்வெட் கார் வேறு.

நீங்கள் கேட்ட தேதியைக் கவனித்தீர்களா? 1960-இல் இதே அக்டோபர் 13 அன்றுதான் அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்கோர் 9-9. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பில் மாசரோஸ்கி வந்தார், இரண்டாவது பந்தை இடது பக்கச் சுவருக்கு மேலே தூக்கி அடித்தார், 10-9, கோப்பை. அப்படி ஹோம் ரன் (சுவரைத் தாண்டும் அடி, நம் சிக்ஸர் மாதிரி) அடித்து உலகத் தொடரை முடித்துவைத்த ஒரே ஆள் அவர்தான்.

13 அக்டோபர், இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டுப் போனேன். ரிச்சர்ட்சனுக்கு ஏன் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை.

அந்தத் தொடரின் கணக்கே விசித்திரம். யாங்கீஸ் ஜெயித்த மூன்று ஆட்டங்களில் ஸ்கோர் 16-3, 10-0, 12-0. பிட்ஸ்பர்க் ஜெயித்த நான்கும் 6-4, 3-2, 5-2, 10-9. ஏழு ஆட்டத்தையும் கூட்டினால் யாங்கீஸ் 55 ரன், பிட்ஸ்பர்க் 27. இரண்டு மடங்குக்கு மேல் ரன் எடுத்தும் கோப்பை இல்லை. கிரிக்கெட் தொடரிலும் ரன்னைக் கூட்டிப் பார்த்துக் கோப்பை கொடுப்பதில்லை, ஆனாலும் இப்படி ஒரு ஓரவஞ்சனையை நான் பார்த்ததில்லை.

ரிச்சர்ட்சன் பெரிய அடிக்காரர் கிடையாது. இரண்டாவது பேஸ்காரர், அதாவது அந்த பேஸ் பக்கம் நின்று பந்தைத் தடுப்பவர்; கைதான் அவருடைய பலம், மட்டை அல்ல. அந்த வருடம் சீசன் முழுக்க அவர் அடித்த ஹோம் ரன் ஒன்று. சீசன் முழுக்க அவர் அடியால் வந்த ரன் 26. உலகத் தொடரின் ஏழே ஆட்டங்களில் 12! அதில் மூன்றாவது ஆட்டத்தில் மட்டும் ஆறு, ஒரு கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூன்றிலும் ஆள் இருக்கும்போது அடிக்கிற நான்கு ரன் ஹோம் ரன்) உட்பட. மிக்கி மாண்டில், ரோஜர் மாரிஸ் மாதிரி பெரிய அடிக்காரர்கள் எல்லாம் இருந்த அணியில் இவர் பெயர் மேலே வருகிறது.

நமக்கு இது புதுசு இல்லை என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். 2003-இல் சச்சின், 2023-இல் கோலி, இருவரும் உலகக் கோப்பை இறுதியில் தோற்ற அணியில் இருந்துகொண்டே தொடர் நாயகன் ஆனவர்கள்தானே என்கிறார். சரிதான், ஆனால் அங்கே பத்துப் பதினான்கு அணிகள், ஐந்தாறு வாரம். இங்கே இரண்டே அணி, ஏழே ஆட்டம், எதிரே ஜெயித்தவர்கள் 25 பேர் நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டித் தோற்றவரிடம் விருது போக வேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

14 அக்டோபர், காலை

திருத்தம். நேற்று "ஒரே ஆள்" என்று எழுதியது தப்பு. டொராண்டோ ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணை, 93-இல கார்ட்டர் அடிச்சதை மறந்துபோட்டியளோ?" மறந்துதான் போனேன். ஜோ கார்ட்டர், 1993 அக்டோபர் 23, ஆறாவது ஆட்டம், பிலடெல்பியா 6-5 என்று முன்னால், மிட்ச் வில்லியம்ஸ் பந்து, மூன்று ரன் ஹோம் ரன், 8-6, டொராண்டோவுக்குத் தொடர்ந்து இரண்டாவது கோப்பை. டொராண்டோக்காரர்களிடம் இதை மறந்தேன் என்று சொல்வது மதுரையில் நின்றுகொண்டு மீனாட்சி கோவில் எங்கே என்று கேட்பது மாதிரி. மன்னிக்கவும் தம்பி.

ஆக, ஏழாவது ஆட்டத்தை ஹோம் ரன்னால் முடித்தவர் மாசரோஸ்கி ஒருவர்தான். தொடரை அப்படி முடித்தவர்கள் இருவர்.

14 அக்டோபர், மாலை

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் 2007-லிருந்து 2012 வரை பிட்ஸ்பர்க்கில் படித்தேன். ஆட்டம் நடந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தை 1971-இல் இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகக் கட்டடங்கள். ஆனால் மைதானத்தின் செங்கல் சுவரில் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், கொடி படர்ந்து நிற்கும்.

2009-இல் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் லேபுக்குப் போகிற வழியில் பார்க்கிறேன், அந்தச் சுவருக்கு முன்னால் பெரியவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. யாரோ இறந்துவிட்டார்கள் போல, இரங்கல் கூட்டம் என்றே நினைத்தேன். கிட்டே போனால் ரேடியோ வர்ணனை ஓடுகிறது. 1960-ஆம் ஆண்டின் வர்ணனை! வருடா வருடம் அக்டோபர் 13 அன்று மதியம் ஒரு மணிக்கு அந்தப் பதிவைப் போடுகிறார்கள், மாசரோஸ்கி அடித்த அதே 3:36-க்கு இங்கேயும் பந்து சுவரைத் தாண்டுகிறது, எல்லாரும் எழுந்து கத்துகிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டம், 49 வருடப் பழசு, ஆனாலும் எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பாட்டி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ராமாயணம் கேட்கப் போகிறவருக்குச் சீதை திரும்பி வருவாள் என்று தெரியாதா என்ன?

லேபுக்குப் போகவில்லை. பேராசிரியரிடம் வயிற்றுவலி என்று சொன்னேன்.

பேஸ்பால் என்றால் அதுவரை எனக்குக் கொட்டாவிதான். நான் இருந்த ஐந்து வருடமும் பைரேட்ஸ் தோல்வி சீசன்தான், 1993-லிருந்து 2012 வரை வரிசையாக இருபது தோல்வி சீசன்கள் என்று கணக்கு. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அடுத்த வருடம் பிளேஆஃப் போனார்கள். ராசி யாருடையது என்று நண்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

15 அக்டோபர்

சுவர் பற்றி ஒரு திருத்தம், நானே செய்கிறேன். எல்லாரும் (நானும்) அந்தச் சுவரைக் காட்டி "இதற்கு மேலேதான் போச்சு" என்போம். உண்மையில் நிற்பது நடுப்பக்கமும் இடது-நடுப்பக்கமும் சார்ந்த சுவர். பந்து தாண்டிய பகுதி இடிந்துவிட்டது. அது இருந்த கோட்டை நடைபாதையில் செங்கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள், பந்து தாண்டிய இடத்தில் ஒரு தகடு. ஹோம் பிளேட்டை (அடிக்கிறவர் நிற்கும் இடத்தில் பதித்த பலகை) ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் தரையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சரியான இடத்தில் வைக்க வேண்டும் என்றால் பெண்கள் கழிப்பறைக்குள்தான் வைக்க வேண்டியிருக்கும், அதனால்தான் நகர்த்திவிட்டார்கள் என்பது அங்கே படித்தவர்கள் எல்லாரும் சொல்லும் கிண்டல்.

15 அக்டோபர், இரவு

மாசரோஸ்கி பெயர் எல்லாருக்கும் தெரியும். ஹால் ஸ்மித் பெயர் யாருக்குத் தெரியும்?

எட்டாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 7-4 முன்னால். பிட்ஸ்பர்க்கின் பில் விர்டன் தரையோடு ஒரு பந்தை அடிக்கிறார், இரட்டை அவுட் ஆக வேண்டிய பந்து. மண்ணில் எதிலோ பட்டு எகிறி யாங்கீஸின் டோனி கூபெக்கின் தொண்டைக்குழியில் அடித்தது. அவர் சாய்ந்தார், மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒரு கூழாங்கல்லிலிருந்து எல்லாம் சரிந்தது. கொஞ்ச நேரத்தில், இரண்டு அவுட் ஆன நிலையில், பிட்ஸ்பர்க்கின் கிளெமென்டே முதல் பேஸ் பக்கம் ஒரு சொத்தை அடி அடிக்கிறார், யாங்கீஸ் பிட்சர் (பந்து போடுபவர்) ஜிம் கோட்ஸ் முதல் பேஸுக்கு ஓடிப்போய் நின்றிருந்தால் மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. அவர் போய்ச் சேரவில்லை. கிளெமென்டே பிழைத்தார், ஒரு ரன் வந்தது, அடுத்து வந்த ஹால் ஸ்மித் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், 9-7.

அங்கேயே ஆட்டம் முடிந்திருந்தால் சிலை ஸ்மித்துக்கு. ஆனால் ஒன்பதாவதில் யாங்கீஸ் இரண்டு ரன் எடுத்து 9-9 ஆக்கிவிட்டார்கள். அதைத் தொடங்கிவைத்தது யார் என்றால் நம் ரிச்சர்ட்சன், முதல் ஆளாக வந்து ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை ஓடும் அடி). அரை மணி நேரத்துக்கு முன் ஊரே தலையில் தூக்கி வைத்த ஸ்மித்தை மாசரோஸ்கியின் ஒரு அடி மறக்கடித்துவிட்டது.

இன்னொன்று, இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: 19 ரன் வந்த அந்த ஆட்டத்தில் ஒருவர்கூட ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்) ஆகவில்லை. உலகத் தொடர் ஆட்டங்களில் அப்படி வேறு ஒன்று கிடையாது.

16 அக்டோபர்

இன்றைய தேதிக்கும் ஒரு கதை இருக்கிறது. மாசரோஸ்கிக்கு அந்தப் பந்தைப் போட்டவர் ரால்ஃப் டெர்ரி. அப்படி ஒரு பந்து போட்டவரின் வாழ்க்கை என்ன ஆகும்? நமக்கு உதாரணம் தேட வேண்டாம், 1986 ஷார்ஜா, கடைசிப் பந்து, மியாந்தத், சேத்தன் சர்மா. என் அப்பா அன்று டிவியை அணைத்துவிட்டு ஒரு வாரம் கிரிக்கெட் பேச்சே எடுக்கவில்லை என்று அம்மா சொல்வார். அமெரிக்காவில் அதே 1986-இல் பாஸ்டனின் பில் பக்னர், கால் நடுவே பந்தை விட்டு உலகக் கோப்பையையே தொலைத்தவர்.

டெர்ரிக்கு வருவோம். 1962, மறுபடி ஏழாவது ஆட்டம், சான்பிரான்சிஸ்கோ, மறுபடி பிட்சர் டெர்ரி. யாங்கீஸ் 1-0 முன்னால். அந்த ஒரு ரன்னும் எப்படி வந்தது தெரியுமா, கூபெக் அடித்துத் தானும் இன்னொருவருமாக இரட்டை அவுட் ஆன பந்தில், மூன்றாவது பேஸில் இருந்தவர் உள்ளே ஓடி வந்தார். அதே கூபெக்! தொண்டையில் அடிபட்டவர். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், சான்பிரான்சிஸ்கோ அணியின் வில்லி மேஸ் டபுள் (இரண்டு பேஸ் ஓடும் அடி) அடித்துவிட்டார், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆள். வருகிறவர் வில்லி மெக்கோவி, பூதம் மாதிரி அடிக்கிறவர். ஒரு நல்ல அடி போதும், இரண்டு பேரும் உள்ளே, ஆட்டம் காலி. டெர்ரி இரண்டு வருடத்துக்கு முன் நின்ற அதே இடத்தில் மறுபடி நிற்கிறார்.

மெக்கோவி அடித்தார். பந்து குண்டு மாதிரி வந்தது. நேராக ஒருவர் கைக்குள். யார் கை? இரண்டாவது பேஸ்காரர் பாபி ரிச்சர்ட்சன் கை.

அந்தப் பந்து ஓரடி அந்தப் பக்கம் போயிருந்தால் டெர்ரி இரண்டு தடவை கோப்பையைத் தொலைத்தவர். இப்போது அவர் 1962 தொடர் நாயகன். சேத்தன் சர்மாவும் அடுத்த வருடமே உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் எடுத்தார், 1987, நாக்பூர், நியூசிலாந்துக்கு எதிராக. ஆனால் சேத்தன் சர்மா என்றதும் நம் வாயில் முதலில் வருவது எது? டெர்ரி கதையும் அதேதான்.

17 அக்டோபர்

"அப்படியானால் 1960 விருதை ஏன் மாசரோஸ்கிக்குக் கொடுக்கவில்லை, அநியாயம்" என்று இரண்டு பேர். அநியாயம் இல்லை. ரிச்சர்ட்சன் ஏழு ஆட்டம் அடித்தார். மாசரோஸ்கி முதல் ஆட்டத்திலும் ஒரு ஹோம் ரன் அடித்தார்தான், ஆனாலும். என் கோபம் வேறு: யாங்கீஸ் மேலாளர் கேசி ஸ்டெங்கல், தன் முதல் தர பிட்சர் ஒய்ட்டி ஃபோர்டை முதல் ஆட்டத்தில் இறக்காமல் மூன்றாவதுக்கு வைத்தார். ஃபோர்டு மூன்றிலும் ஆறிலும் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. முதல் ஆட்டத்தில் இறக்கியிருந்தால் மூன்று ஆட்டம் கிடைத்திருக்கும். தொடர் முடிந்ததும் ஸ்டெங்கலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், எழுபது வயது.

18 அக்டோபர்

1960 ஏழாவது ஆட்டத்தில் வெற்றி எந்தப் பிட்சர் கணக்கில் போனது? ஹார்வி ஹாடிக்ஸ். கடைசியில் உள்ளே வந்து, யாங்கீஸ் சமன் செய்ததைத் தடுக்க முடியாமல் நின்று, மாசரோஸ்கி அடித்ததால் ஜெயித்தவர். சும்மா கிடைத்த வெற்றி என்று தோன்றும். தோன்றட்டும், அவருக்கு உலகம் ஒரு வெற்றி கடன்பட்டிருந்தது.

1959 மே 26, மில்வாக்கி. ஹாடிக்ஸ் பந்து போடுகிறார். ஒன்பது இன்னிங்ஸ், 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். எந்த நாளிலும் அதோடு ஆட்டம் முடிந்து, அவர் பெயர் சரித்திரத்தில். ஆனால் அவர் அணியும் ரன் எடுக்கவில்லை, 0-0. பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது இன்னிங்ஸ், 36 பேர் வந்து 36 பேரும் அவுட். பதின்மூன்றாவதில் ஒரு பீல்டிங் தப்பு, பிறகு ஒரு அடி, தோல்வி. பன்னிரண்டு இன்னிங்ஸ் ஒரு ஆளைக்கூட முதல் பேஸில் நிற்க விடாதவர் அன்றைக்குத் தோற்றவர். அடுத்த வருடம் ஒன்பதாவதில் ரன் கொடுத்துவிட்டு உலகத் தொடரை ஜெயித்தவர். கணக்கு எங்கேயோ நேராகிறது, இடம்தான் மாறுகிறது.

20 அக்டோபர்

ஹாடிக்ஸ் பற்றிப் படித்ததும் "உலகத் தொடரில் 27-க்கு 27 யாராவது எடுத்திருக்கிறார்களா" என்று கேட்கிறார்கள். ஒருவர் மட்டும். டான் லார்சன், யாங்கீஸ், 1956 அக்டோபர் 8, புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு எதிராக ஐந்தாவது ஆட்டம், 97 பந்து. கேட்சர் யோகி பெரா குழந்தை மாதிரி ஓடிவந்து அவர் மேல் தாவி ஏறிக்கொண்டார், அந்தப் படத்தைப் பார்க்காத பேஸ்பால்காரர் இருக்க முடியாது.

லார்சன் யார்? 1954-இல் 3 வெற்றி, 21 தோல்வி. வாழ்நாள் கணக்கும் 81 வெற்றி, 91 தோல்வி. அந்தத் தொடரிலேயே இரண்டாவது ஆட்டத்தில் கையில் 6-0 கொடுத்தும் இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்காமல் வெளியே போனவர், அந்த ஆட்டத்தை யாங்கீஸ் 13-8 தோற்றது. ஐந்தாவது ஆட்டத்துக்குத் தான்தான் பிட்சர் என்பதே காலையில் தன் ஷூவுக்குள் பந்து கிடந்ததைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. பெரிய பிட்சர்கள் எத்தனையோ பேர் உலகத் தொடரில் போட்டார்கள். கிடைத்தது இவருக்கு.

பின்குறிப்பு மாதிரி ஒன்று. 1999 ஜூலை 18, யாங்கீஸ் மைதானத்தில் யோகி பெராவுக்கு ஒரு விழா. ஆட்டத்துக்கு முன் சம்பிரதாயப் பந்தை லார்சன் போட, பெரா பிடித்தார். இருவரும் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். அன்று யாங்கீஸ் பிட்சர் டேவிட் கோன் 27-க்கு 27 எடுத்தார். கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

21 அக்டோபர்

மேலே சொன்னதில் ஒரு சந்தேகம் கேட்டார்கள். 2022-இல் ஹூஸ்டன் பிட்சர்கள் நான்கு பேர் சேர்ந்து பிலடெல்பியாவை ஹிட்டே (அடித்து பேஸைப் பிடிப்பது) இல்லாமல் முடித்தார்களே? ஆமாம், ஆனால் நடைபேஸ் (நான்கு தப்பான பந்து போட்டால் அடிக்கிறவருக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்தார்கள், ஆகவே ஹிட் இல்லை என்ற கணக்கு மட்டும்தான். லார்சனுடையது ஒருவர்கூட பேஸில் கால் வைக்காத ஆட்டம்.

ஒன்றுக்கு மேற்பட்ட பிட்சர்கள் சேர்ந்து என்றதும் ஜப்பான் நினைவுக்கு வருகிறது. 2007 ஜப்பான் தொடர், ஐந்தாவது ஆட்டம். சுனிச்சி டிராகன்ஸின் யாமாய் டைசுகே எட்டு இன்னிங்ஸ் போட்டு 24-க்கு 24 எடுத்துவிட்டார், ஸ்கோர் 1-0, இந்த ஆட்டம் ஜெயித்தால் 53 வருடத்துக்குப் பிறகு கோப்பை. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மேலாளர் ஒச்சியாய் அவரை உட்கார வைத்துவிட்டு இவாசே என்ற வேறு பிட்சரை இறக்கினார். இவாசே மூன்று பேரையும் அவுட் ஆக்கினார். கோப்பை வந்தது. லார்சனுக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய பெயர் வரவில்லை. ஜப்பானே அதைப் பற்றி ரொம்ப நாள் சண்டை போட்டது. நான் முதலில் ஒச்சியாயைத் திட்டும் கட்சியில் இருந்தேன். இப்போது தெரியவில்லை. 53 வருடம் காத்திருந்த ஊருக்கு யாமாயின் பெயர் பெரிதா கோப்பை பெரிதா?

22 அக்டோபர்

16-ஆம் தேதி பக்னரைப் பற்றி "உலகக் கோப்பையையே தொலைத்தவர்" என்று போகிற போக்கில் எழுதினேன். பாஸ்டனில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவர் சொல்வதுதான் சரி, வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 5-3 முன்னால், எதிரணி நியூயார்க் மெட்ஸுக்கு இரண்டு அவுட், பேஸில் யாரும் இல்லை. பிறகு வரிசையாக மூன்று சிங்கிள், 5-4. பிட்சர் ஒரு பந்தைத் தாறுமாறாகப் போட்டார், 5-5. இதெல்லாம் ஆன பிறகுதான் முக்கி வில்சன் அடித்த பந்து பக்னர் காலுக்கு நடுவே போனது. அவர் பிடித்திருந்தாலும் பாஸ்டன் ஜெயித்திருக்காது, பதினோராவது இன்னிங்ஸ் வந்திருக்கும். அதற்குப் பிறகு ஏழாவது ஆட்டம் ஒன்று இருந்தது, அதில் பாஸ்டன் 3-0 முன்னால் போய் 8-5 தோற்றது. அந்த 3-0 பற்றி யாரும் பேசுவதில்லை. 2715 ஹிட் அடித்த மனிதர், கணுக்கால் வலியோடு ஆடியவர், 2008-இல்தான் பாஸ்டன் மைதானத்தில் சம்பிரதாயப் பந்து போட வந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 2004, 2007 இரண்டு கோப்பை வந்த பிறகு தட்டிய கை அது என்று அக்கா சொல்கிறார். கசப்பான வரி, ஆனால் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

24 அக்டோபர்

டாட்ஜர்ஸ் பிட்சர் ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா இறந்துபோனார், 22-ஆம் தேதி, 63 வயது. 1981 உலகத் தொடரில் யாங்கீஸுக்கு எதிராக மூன்றாவது ஆட்டத்தில் இருபது வயதுப் பையன், ஏழு பேருக்கு நடைபேஸ், ஒன்பது ஹிட், நடுவில் பின்னால் போய், எப்படியோ 147 பந்து போட்டு 5-4 ஜெயித்தார். நல்ல நாளில் ஜெயிக்க யாராலும் முடியும். நாளை மறுநாள் நம் ஊர் விடியற்காலை அதே டாட்ஜர்ஸ், அதே யாங்கீஸ், 1981-க்குப் பிறகு முதல் தடவை.

26 அக்டோபர், சனி, காலை 9:40

என்னை யாராவது செருப்பால் அடியுங்கள்.

ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்தேன். பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2, இரண்டு அவுட், டாட்ஜர்ஸின் முக்கி பெட்ஸை வேண்டுமென்றே நடக்க விட்டார்கள் (நடைபேஸ்), பேஸ் மூன்றும் நிறைந்தது, கணுக்கால் சுளுக்கோடு ஃப்ரெடி ஃப்ரீமன் வருகிறார். அப்போது வாசலில் பெல். கேஸ் சிலிண்டர். வீட்டில் மற்ற எல்லாரும் தூக்கம். ஒரு பந்துதானே, இரண்டு மூன்று பந்தாவது ஆகும் என்று எழுந்து போனேன். ஓடிபி சொல்லிவிட்டுத் திரும்பினால் ஸ்டேடியம் அலறுகிறது. முதல் பந்திலேயே கிராண்ட் ஸ்லாம், 6-3. உலகத் தொடரில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம், 120 ஆண்டுச் சரித்திரத்தில் முதல் தடவை, நான் வாசலில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஆறுதல், 1988. இதே மைதானம், இதே முதல் ஆட்டம், இரண்டு காலும் காயத்தோடு டாட்ஜர்ஸின் கிர்க் கிப்சன் நொண்டிக்கொண்டே வந்து எக்கர்ஸ்லி பந்தை வலது பக்கக் கூட்டத்துக்குள் அடித்தார். அந்தத் தொடரில் அவர் மட்டை பிடித்தது அந்த ஒரு தடவைதான். அந்த வீடியோவில் பந்து போகும் திசையில், மைதானத்துக்கு வெளியே கார்களின் சிவப்பு விளக்குகள் தெரியும். நெரிசலுக்கு முன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பியவர்கள். அவர்களும் நானும் ஒரு ஜாதி.

31 அக்டோபர், தீபாவளி, காலை 11 மணி

எல்லாருக்கும் வாழ்த்துகள். விடியலிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையில் துண்டோடு ஐந்தாவது ஆட்டம் பார்த்தேன். யாங்கீஸ் 5-0 முன்னால். தெருவில் பட்டாசு நேரம் முடிகிற சமயம். ஐந்தாவது இன்னிங்ஸ். யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் நேராக வந்த ஒரு கேட்சை விட்டார். வோல்பி தப்பாக எறிந்தார். ஆனாலும் பிட்சர் கெரிட் கோல் இரண்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து கிட்டத்தட்டத் தப்பித்துவிட்டார். இரண்டு அவுட், பேஸ் மூன்றும் நிறைந்திருக்க, முக்கி பெட்ஸ் முதல் பேஸ் பக்கம் ஒரு சொத்தை அடி. பிட்சர் ஓடிப்போய் முதல் பேஸில் நின்றால் இன்னிங்ஸ் முடிந்தது.

கோல் ஓடவில்லை. நின்று கையை நீட்டிக் காட்டினார்.

நான் சோபாவிலிருந்து எழுந்து "கோட்ஸ்! ஜிம் கோட்ஸ்!" என்று கத்தினேன். வீட்டில் யாருக்கும் புரியவில்லை, கோட்டு வாங்கித் தரவில்லை என்று கத்துகிறேன் என்று அம்மா நினைத்தார். 64 வருடம், அதே யாங்கீஸ், அதே முதல் பேஸ், அதே மாதிரி ஓடாத பிட்சர். அடுத்து ஃப்ரீமன் இரண்டு ரன் சிங்கிள், கடைசியில் 5-5 ஆகிவிட்டது. முடிவில் டாட்ஜர்ஸ் 7-6, தொடர் 4-1.

31 அக்டோபர், மதியம்

அவசரத்தில் முக்கியமானதை விட்டேன். ஃப்ரீமன் முதல் நான்கு ஆட்டத்திலும் ஹோம் ரன் அடித்தார், தொடர் நாயகன் அவரே. ஐந்து ஆட்டத்தில் அவர் அடியால் வந்த ரன் எத்தனை என்று பாருங்கள்: 12. ரிச்சர்ட்சனின் 1960 சாதனையைத் தொட்டுவிட்டார், தாண்டவில்லை. ஆக, இந்த இழையை ஆரம்பித்த ஆளிடமே திரும்பி வந்து நிற்கிறோம். நான் திட்டமிட்டுச் செய்யவில்லை.

2 நவம்பர்

1960 ஏழாவது ஆட்டத்தில் பிங் கிராஸ்பி கதையை எழுத மறந்தேன். பெரிய பாடகர், நடிகர், பைரேட்ஸில் ஒரு பங்கு முதலாளி. ஏழாவது ஆட்டத்தைப் பார்க்கிற தைரியம் இல்லாமல் பாரிஸுக்குப் போய்விட்டார். ஆனால் ஜெயித்தால் பார்ப்பதற்கு என்று டிவி ஒளிபரப்பைப் படம்பிடித்து வைக்கச் சொல்லியிருந்தார். அதற்கப்புறம் அந்த ஆட்டத்தின் முழு டிவிப் பதிவு உலகத்தில் எங்கேயும் இல்லை என்றே நினைத்திருந்தார்கள். 2009-இல் அவர் வீட்டு வைன் நிலவறையில் அந்த ஐந்து சுருள் படமும் கிடைத்தது. அதே 2009-இல்தான் நான் அந்தச் சுவர் முன்னால் நின்றேன், படம் கிடைத்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அந்தப் பெரியவர்கள் அதுவரை காதால் கேட்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

10 நவம்பர்

கேள்வி கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார், மச்சானுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டாராம். ஆனால் மச்சான் இப்போது புதுசாக ஒன்று கிளப்பியிருக்கிறார்: ரிச்சர்ட்சன் 1962-இல் கடைசிப் பந்தைப் பிடித்தவர் என்றால், கடைசி அவுட்டாக நின்றதும் உண்டா என்று.

உண்டு. 1964, செயின்ட் லூயிஸ், ஏழாவது ஆட்டம், பிட்சர் பாப் கிப்சன். அந்தத் தொடரில் ரிச்சர்ட்சன் 13 ஹிட் அடித்து அப்போதைய சாதனை படைத்திருந்தார். பதினான்காவதுக்கு முயன்று மேலே தூக்கி அடித்தார், இரண்டாவது பேஸில் நின்ற டால் மாக்ஸ்வில் பிடித்தார். இரண்டாவது பேஸ், அவர் 1962-இல் நின்ற அதே இடம்.

இதற்கும் பந்தயம் கட்டியிருந்தால், இந்தத் தடவை எனக்கு ஒரு பார்சல்.